சுவருக்குள் ஓடும் தண்ணீர்



சென்ற வருடம் பெப்ரவரியில் ஒரு நாள், தலவாக்கலையில் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே விருந்தாளி வந்திருப்பது தெரிந்தது. என்னிடம் ஓதும் ஒரு பையனின் தாயார் குசினியில் என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். சற்று நேரத்தில் மனைவி தேநீரோடு வந்து, “அந்த மகளுக்கு உங்களிடம் ஒரு மஸ்அலா கேட்க வேணுமாம்” என்றார்.

மஸ்அலா இதுதான். அவர்கள் வீட்டு டொயிலட்டில், யாரும் போகாத நேரத்திலும் கோப்பையின் பின்பக்கமாக நூல் போல ஒரு தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது. இரவில் காது கொடுத்தால் சுவருக்குள் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். மாமிக்கு ஏற்கெனவே சுத்தத்தில் வஸ்வாஸ் அதிகம். அந்தத் தண்ணீர் தெறித்து அறை முழுவதும் நஜீஸாகி விட்டதோ என்று ஒவ்வொரு முறையும் வாளி வாளியாக ஊற்றிக் கழுவுகிறார். சுபஹுக்கு எழுந்தால் கூரைக்கு மேலே உள்ள டாங்கி காலி. பிள்ளைகள் வுழூ செய்யப் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்க வேண்டியிருக்கிறது. “அறை நஜீஸா இல்லையா? வீணாகும் தண்ணீருக்கு எங்களுக்குக் குற்றம் பிடிக்குமா? ஹஸரத்திடம் கேட்டுச் சொல்லுங்கள்” என்கிறார்.

நான் சொன்னேன்: “மகள், இந்த மஸ்அலாவுக்குப் பதில் கிதாபில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி உங்கள் வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது.”

சிரிக்காதீர்கள். அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் மாமாவின் ஹாட்வெயார் கடையில்தான் எனக்கு வேலை. வோஷர் எத்தனை வகை, எது எந்தக் குழாய்க்குப் பொருந்தும் என்பதையெல்லாம் நஹ்வு, ஸர்ஃபுக்கு முன்னமே படித்துவிட்டேன். ஆகவே இந்த மாதம் ஒரு வோஷரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அவருடைய கணவர் கட்டாரில் இருக்கிறார். 2019 இல் விடுமுறையில் வந்தபோது குளியலறையைப் புதிதாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். தரையில் கால் வைக்காமல் சுவரோடு தொங்கும் கொமட். தண்ணீர்த் தொட்டி கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள். வெளியே இரண்டு பொத்தான்கள் உள்ள ஒரு தகடு மட்டும். இன்று ஹட்டன், நுவரெலியாப் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளிலும் ஹோட்டல்களிலும் இதைப் பார்க்கலாம். பார்வைக்கு அழகு, கூட்டித் துடைக்கவும் இலகு. சுவிட்ஸர்லாந்தின் கெபெரிட் கம்பனி 1964 இலேயே இந்த மறைவுத் தொட்டியைச் செய்து விற்கத் தொடங்கியது. நம் மலைக்கு வந்து சேர அரை நூற்றாண்டு சென்றது.

வழியும் தண்ணீரைப் பார்க்க ஒரு பைப் பாஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, “தொட்டி உள்ளே இருக்கிறது, டைலை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று நாள் வேலை, 45,000 ரூபாய், டைல் வேறு” என்றாராம். அந்த நிறத்து டைல் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. 2020 இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து, 2022 இல் பொருளாதாரமும் விழுந்த பிறகு, ஒரே நிறத்தில் நாலு டைல் தேடுவதும் பெரும்பாடாகிவிட்டது. காசை விட அவருக்குப் பெரிய கவலை இன்னொன்று. கணவர் ஊரில் இல்லை. வீட்டில் வயதான மாமியும், வயதுக்கு வந்த மகளும். மூன்று நாள் அந்நிய ஆண்கள் குளியலறையை உடைத்துப் போட்டால் இவர்கள் எங்கே போவது? இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்துவிட்டதாக மனைவி பிறகு சொன்னார். ஆறு மாதமாக அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான்.

சகோதரிகளே, இந்த மாதிரித் தொட்டி உள்ள வீட்டாருக்கு நான் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: சுவரை உடைக்க வேண்டாம். பொத்தான் இருக்கிறதே, அந்தத் தகடுதான் கதவு. அதைக் கழற்றினால் பின்னால் ஒரு அப்பியாசக் கொப்பி அளவில் ஒரு துவாரம் இருக்கும். தொட்டிக்குள் தேய்ந்துபோகக்கூடிய ஒவ்வொரு சாமானும் அந்தத் துவாரத்தின் வழியாக வெளியே வரும்படியும், புதியது உள்ளே போகும்படியும்தான் இவற்றைச் செய்கிறார்கள். தொட்டியே வெடித்தால் அல்லது பின்னால் குழாய் மூட்டு ஒழுகினால்தான் சுவரில் கை வைக்க வேண்டும். அப்படியானால் தண்ணீர் கோப்பைக்குள் வழியாது. சுவரில் ஈரம் ஊறும், கீழே கசியும். தண்ணீர் கோப்பைக்குள்தான் வருகிறது என்றால் குற்றம் உள்ளே இருக்கும் இரண்டு வால்வுகளில் ஒன்றில்தான்.

அந்த இரண்டும் என்ன என்று பார்ப்போம். ஒன்று தண்ணீரைத் தொட்டிக்குள் விடுவது. அதோடு ஒரு மிதவை இருக்கும். தண்ணீர் ஏற ஏற மிதவையும் ஏறி, அளவு வந்ததும் வழியை மூடிவிடும். கடைக்காரர் இதைப் போல் வால்வு என்பார். மற்றது தொட்டியின் நடுவே அடுப்படிப் போத்தல் போல நிமிர்ந்து நிற்பது. இதுதான் ஃப்ளஷ் வால்வு. பொத்தானை அழுத்தினால் இது சற்று மேலே தூக்கும். கீழே உள்ள வாய் திறந்து தண்ணீர் ஒரே மூச்சில் கோப்பைக்குள் இறங்கும். பிறகு தன் பாரத்தில் தானே உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளும். அந்த மூடும் இடத்தில் தட்டையான ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதுதான் இந்தக் கதையின் நாயகன். ஃப்ளஷ் வால்வின் நடுவே ஒரு வெற்றுக் குழாயும் இருக்கும். போல் வால்வு மூடாமல் தண்ணீர் அளவுக்கு மிஞ்சி ஏறினால் வீட்டுக்குள் கொட்டாமல் அந்தக் குழாய் வழியாகக் கோப்பைக்குள் போய்விடும்.

மிதவையும் மூடுவாயும் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தவை என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் பனூ மூஸா என்று அழைக்கப்பட்ட மூன்று சகோதரர்கள், முஹம்மத், அஹ்மத், ஹஸன், ‘கிதாபுல் ஹியல்’ என்று ஒரு நூல் எழுதினார்கள். ஏறத்தாழ நூறு பொறிகளின் விளக்கம் அதில் இருக்கிறது. தானே நிரம்பி தானே நிற்கும் பாத்திரங்கள், மிதவைகள், குழிக்குள் கூம்பு உட்கார்ந்து மூடும் வால்வுகள் எல்லாம் அதில் வருகின்றன. மாணவனாக இருந்தபோது இந்தப் பெயரை முதலில் கேள்விப்பட்டு, ஸஹீஹுல் புகாரியில் வரும் ‘கிதாபுல் ஹியல்’ போல இதுவும் சட்டத் தந்திரங்களைப் பற்றிய பாடம் என்று எண்ணிக் கொண்டேன். வால்வைப் பற்றியது என்று தெரிந்தபோது ஹாட்வெயார் கடை மாமாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர், “சரி, அந்த அரை அங்குல எல்போவை எடு” என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய தோட்டத்துரைமார் பங்களாக்களில் தலைக்கு மேலே வார்ப்பிரும்புத் தொட்டியும் சங்கிலியும் இருந்ததை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அதில் அடியில் வாயே கிடையாது. தண்ணீர் ஒரு வளைந்த குழாயின் மேட்டைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். யாராவது சங்கிலியை இழுத்தால்தான் தாண்டும். ஆகவே அது இப்படி ரகசியமாக ஒழுகாது. பிரித்தானியாவில் 2001 வரை வீடுகளில் இந்த வகையைத்தான் சட்டம் அனுமதித்தது. அதன் பிறகு அடியில் வாய் உள்ள வால்வும், பெரிய பொத்தான் சிறிய பொத்தான் முறையும் அங்கே பரவின. ஒரு முறைக்குச் செலவாகும் தண்ணீர் குறைந்தது உண்மை. ஆனால் அந்த ரப்பர் வளையம் ஒழுகத் தொடங்கியபோது, இப்படி ஒழுகும் டொயிலட்டுகளால் நாளொன்றுக்கு 40 கோடி லிட்டர் தண்ணீர் வீணாகிறது என்று அங்குள்ள நீர்ச் சிக்கன அமைப்பினர் கணக்குச் சொன்னார்கள். மிச்சம் பிடிக்க வந்த சாமானே திருடனான கதை.

இனி உங்கள் வீட்டுத் தொட்டி ஒழுகுகிறதா என்று பார்ப்பது எப்படி? சத்தம் எப்போதும் கேட்காது. நூல் தண்ணீர் வெள்ளைக் கோப்பையில் கண்ணுக்கும் தெரியாது. எல்லாரும் படுத்த பிறகு, கோப்பையின் பின் உட்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, காய்ந்த டிஷ்யூத் தாள் ஒன்றை அங்கே ஒட்டி வையுங்கள். சுபஹுக்குப் பாருங்கள். காய்ந்திருந்தால் அல்ஹம்துலில்லாஹ். நனைந்து கிழிந்திருந்தால் தொட்டி ஒழுகுகிறது. மேலே தொட்டி வைத்த சாதாரணக் கொமட் உள்ளவர்களும் இதைச் செய்யலாம். அவர்களுக்கு மூடியைத் திறந்து கேக்குக்குப் போடும் கலர் கொஞ்சம் தொட்டியில் கலந்துவிட்டு, பொத்தானைத் தொடாமல் அரை மணி நேரம் காத்திருந்தாலும் போதும். கோப்பையில் கலர் தெரிந்தால் ஒழுக்குத்தான்.

எந்த வால்வு குற்றவாளி என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. துவாரத்துக்குள் ஒரு மூலையில் தண்ணீரை நிறுத்தும் சிறிய ஸ்டொப் வால்வு இருக்கும். சிலவற்றில் கையால் திருப்பலாம், சிலவற்றில் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும். தொட்டி நிரம்பியதும் அதை மூடிவிட்டு, தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்துக் கொள்ளுங்கள். அரை மணியில் மட்டம் கீழே இறங்கிக்கொண்டே போனால் அடி வளையம் போய்விட்டது. நடுக்குழாயின் வாய் வரை தண்ணீர் நின்று, ஸ்டொப் வால்வை மூடியதும் ஒழுக்கும் நின்று, மட்டமும் அசையாமல் இருந்தால் போல் வால்வைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த வாரம் சனிக்கிழமை காலையில் நானும் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். முதலில் நான் மட்டும் குளியலறைக்குள் போய்த் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். பார்த்ததும் ஒரு உண்மை விளங்கியது: என் கை அந்தத் துவாரத்துக்குள் முழங்கை வரை போகாது. அந்த மகளின் கை போகும். இது நல்லதாகவும் போயிற்று. நான் செய்து கொடுத்தால், அடுத்த முறை வளையம் தேயும்போது மறுபடியும் மஸ்அலா கேட்கத்தான் வருவார். ஆகவே நான் வெளியே வந்து நடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் மாமி தஸ்பீஹ் மணியோடு. உள்ளே அந்த மகளும், போன் வெளிச்சம் பிடிக்க என் மனைவியும். அரைவாசி சாத்திய கதவுக்கு வெளியே இருந்து நான் பாடம் நடத்தினேன்.

தொடங்கும் முன் அவர் கேட்டார்: “ஹஸரத், இதுக்குள்ளே கை வைத்தால் குளிக்க வேணுமா?” சகோதரிகள் பலருக்கும் இந்த அருவருப்பு இருக்கிறது என்பதால் எழுதுகிறேன். தொட்டித் தண்ணீர் உங்கள் குசினிக் குழாயில் வரும் அதே தண்ணீர்தான். கோப்பையிலிருந்து எதுவும் மேலேறி அதற்குள் வராது. அது சுத்தமான தண்ணீர். கை வைத்தால் குளிப்பும் இல்லை, கழுவலும் இல்லை. ஓரங்களில் வழுவழுப்பாக இருப்பது பாசி. கோப்பையில் வழியும் நூல் தண்ணீரும் அப்படியே. நஜீஸ் தெறித்தது என்று கண்ணால் கண்டாலொழிய, சந்தேகத்துக்காக அறையைக் கழுவ வேண்டிய கடமை இல்லை. உறுதியாகத் தெரிந்த சுத்தம் சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளில் ஒன்று. இதைச் சற்று உரத்தே சொன்னேன். மாமியின் தஸ்பீஹ் ஒரு நிமிடம் நின்றது.

தகடு பெரும்பாலும் வெறும் கொளுவிதான். கீழ் விளிம்பைப் பிடித்து மேலே தள்ளினால் அல்லது தன்பக்கம் இழுத்தால் கழன்றுவிடும். சில வகையில் ஓரத்தில் ஒரு சிறிய ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். வராவிட்டால் பலாத்காரம் செய்யாமல் ஸ்க்ரூவைத் தேடுங்கள். தகட்டுக்குப் பின்னால் இன்னொரு பிளாஸ்டிக் மூடி, அதில் பொத்தானிலிருந்து உள்ளே போகும் இரண்டு கம்புகள். இவற்றைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக் கொள்வது மிக அவசியம். கம்பு எவ்வளவு வெளியே நிற்கிறது என்பது பிறகு வேண்டும்.

அடுத்து ஸ்டொப் வால்வை மூடி, ஒரு முறை தண்ணீரை இறக்கிவிட வேண்டும். தொட்டியின் அடியில் கொஞ்சம் மிஞ்சும், பரவாயில்லை. போல் வால்வு குறுக்கே நின்றால் அதைக் கொளுவி நீக்கி ஒரு பக்கமாக ஒதுக்கலாம். பொத்தான் கம்பு தள்ளும் ஆடு கட்டை ஒன்றும் இருக்கும். அதையும் தூக்கி எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் ஃப்ளஷ் வால்வு கைக்கு எட்டும். சிலவற்றில் அதைப் பிடித்துவைக்கும் கொளுவி ஒன்று இருக்கும், அதை மேலே இழுக்க வேண்டும். சிலவற்றில் வால்வையே கால் வட்டம் திருப்பித் தூக்க வேண்டும். இதில்தான் அந்த மகள் மலைத்துப் போனார். “ஹஸரத், வால்வு நீளம், ஓட்டை சின்னது, வரவே வராது!” வரும். அது நடுவில் இரண்டாகக் கழலும். மேல் பாதியை முதலில் எடுத்துவிட்டு, கீழ்ப் பாதியைச் சரித்து எடுக்க வேண்டும். இங்கே பொறுமை இழந்து முறுக்கினால் இருபது ரூபாய்க் கொளுவி உடைந்து முழு வால்வும் வாங்க நேரும்.

வால்வை எடுத்த கையோடு அடியில் தெரியும் வாய்க்குள் ஒரு பழைய துணியைச் செருகச் சொன்னேன். ஒரு ஸ்க்ரூ தவறி அதற்குள் விழுந்தால் கோப்பைக்குப் போகும் வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வேலை முடிந்ததும் துணியை எடுக்க மறந்துவிடாதீர்கள். மாமாவின் வாடிக்கையாளர் ஒருவர் மறந்துவிட்டு, வால்வு மோசம் என்று கடைக்குச் சண்டைக்கு வந்திருக்கிறார்.

வால்வின் அடிப்பாதியைக் கதவிடுக்கு வழியாக என்னிடம் நீட்டினார்கள். ரப்பர் வளையம் பழைய சைக்கிள் டியூப் போல விறைத்திருந்தது. விளிம்பில் நகம் பதிந்தது போல ஒரு பள்ளம். அதில் ஒரு மணல் துணுக்கு. அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் மேட்டு ஊற்றிலிருந்து குழாய் வழியாக வருகிறது. மழை நாளில் அதோடு மணலும் இலைத் தூளும் வரும். அது பாதிக் காரணம். மறுபாதியை மாமியே ஒப்புக்கொண்டார்: வாசனைக்காக ப்ளீச்சிங் கட்டியைத் தொட்டிக்குள்ளேயே போட்டு வந்திருக்கிறார். குளோரின் ரப்பரைத் தின்றுவிடும். கோப்பையைக் கழுவ எதையும் ஊற்றுங்கள். தொட்டிக்குள் எதையும் போடாதீர்கள். மலைநாட்டுத் தண்ணீர் மென்மையானது, ஆகவே நமக்குச் சுண்ணாம்புப் படிவுத் தொல்லை குறைவு. புத்தளம், கற்பிட்டி, மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்துச் சகோதரிகளுக்கு அதுதான் முதல் எதிரி. வளையம் உட்காரும் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தால் வினாகிரியில் நனைத்த துணியை அரை மணி வைத்துத் துடைத்தால் போதும். கத்தியால் சுரண்டவோ, மண் கடதாசியால் தேய்க்கவோ கூடாது. ஒரு கீறல் விழுந்தால் புது வளையமும் ஒழுகும். ப்ளீச் போட்ட இடத்தில் வினாகிரியை ஊற்றவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சுப் புகை வரும், சிறிய அறையில் அது விளையாட்டல்ல.

புது வளையம் வாங்கும் விடயத்தில் தவறு செய்தது நான்தான். பழையதைப் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்து, அளவைப் போனில் ஹட்டனில் உள்ள தெரிந்த கடைக்குச் சொன்னேன். வந்த வளையம் இரண்டு மில்லிமீட்டர் பெரியது. வாழ்க்கையில் பாதியை ஹாட்வெயார் கடையில் கழித்தவன் செய்யக்கூடிய காரியமா? பழைய சாமானையே கையில் கொண்டு போய்க் காட்ட வேண்டும். தொட்டியின் உட்பக்கத்தில் பதித்திருக்கும் கம்பனிப் பெயரையும் படம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். சரியான வளையம் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வர நாலு நாள் ஆனது. விலை 650 ரூபாய். அந்த நாலு நாளைக்குப் பழைய வளையத்தையே கழுவி, தேயாத மறுபக்கம் கீழே வரும்படி புரட்டிப் போடச் சொன்னேன். நிரந்தரப் பரிகாரமல்ல, ஆனால் ஒழுக்கு பெருமளவு குறைந்தது. வளையம் போடும்போது வழுக்கலுக்கு வாசலினோ தேங்காய் எண்ணெயோ பூச வேண்டாம், ரப்பர் ஊதிப் போகும். தண்ணீரில் நனைத்தாலே போதும்.

இன்னும் வாங்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. மறைவுத் தொட்டி வாங்கும்போது அழகான பொத்தானைப் பார்த்து வாங்காதீர்கள். “இதன் வளையமும் வால்வும் தனியாக உங்களிடம் இருக்கிறதா? எடுத்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். எடுத்துக் காட்டாத கடையில் வாங்க வேண்டாம். தொட்டி சுவருக்குள் முப்பது வருடம் இருக்கும். பெயரில்லாத சாமானின் வளையம் மூன்று வருடத்தில் சந்தையிலிருந்து மறைந்துவிடும்.

புது வளையம் வந்த அன்று அவரும் மகளுமாகவே போட்டுவிட்டார்கள். நாங்கள் போகவில்லை, போனில் மனைவியிடம் மட்டும் இரண்டு முறை கேட்டார்கள். கழற்றியதற்கு எதிர் வரிசையில் பூட்டினால் சரி. வால்வு தன் இடத்தில் ‘டக்’ என்று உட்கார வேண்டும், தண்ணீரைத் திறந்ததும் மட்டம் நடுக்குழாயின் வாய்க்குக் கீழே நிற்க வேண்டும். எல்லாம் நடந்தது. ஆனால் சுபஹில் டிஷ்யூ நனைந்திருந்தது! காலை ஏழு மணிக்கே போன். “ஹஸரத், சுவரை உடைக்கத்தான் வேணுமோ?” படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். பொத்தான் கம்புகள் பழைய படத்தில் இருந்ததை விட நீண்டு நின்றன. தகட்டை மாட்டியதும் கம்பு வால்வைச் சற்றே அழுத்திக்கொண்டு, முழுதாக உட்கார விடாமல் செய்திருக்கிறது. இரண்டு சுற்றுத் திருகிக் குறைத்தார்கள். கம்பு தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் சுபஹில் டிஷ்யூ காய்ந்திருந்தது.

எவ்வளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்தது? முதல் நாள் பென்சில் குறியை வைத்து அவருடைய மகன் கணக்குப் பார்த்தான். அரை மணியில் ஏறக்குறைய 5 லிட்டர். மணிக்கு 10, நாளொன்றுக்கு 240 லிட்டர். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு ‘முத்’ தண்ணீரில் வுழூ செய்ததும், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து முத் வரையான தண்ணீரில் குளித்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கின்றன. ஒரு முத் என்பது நடுத்தர மனிதரின் இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு. ஏறக்குறைய முக்கால் லிட்டர். அந்தக் கணக்கில் 320 பேரின் வுழூத் தண்ணீர் ஒவ்வொரு நாளும் யாருக்கும் பயன்படாமல் சுவருக்குள் ஓடியிருக்கிறது. பையன் இதைக் கொப்பியில் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். எனக்கும் அன்று வகுப்பில் வேறு பாடம் நடத்த மனம் வரவில்லை.

அவர் கேட்ட குற்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா? தெரியாமல் ஓடியதற்குக் குற்றமில்லை. தெரிந்தும் வழியில்லாமல் தவித்தவரையும் நான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். உடைக்க வேண்டும் என்று ஒருவர் சொல்ல, அதை நம்பினார். ஆனால் ஒரு வளையத்தில் முடியும் காரியம் என்று தெரிந்த பிறகு, அடுத்த மாதம் பார்ப்போம் என்று விட்டு வைப்பது இஸ்ராஃப்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மழை மண் என்று பேர் பெற்ற ஊரில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்கலாம். தலவாக்கலைப் பட்டணத்தின் ஓரத்திலேயே மேல் கொத்மலை நீர்த்தேக்கம் நிறைந்து கிடக்கிறது. 2012 முதல் அந்தத் தண்ணீர் சுரங்கம் வழியாகப் போய் 150 மெகாவொட் மின்சாரம் கொடுக்கிறது. பார்க்கக் கடல் போல இருக்கும். ஆனால் மேட்டில் இருக்கும் வீட்டு டாங்கிக்கு அதில் ஒரு சொட்டு ஏறாது. ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காலத்தில் ஊற்றுகள் மெலிந்துவிடும். தோட்டத்து லயன்களில் இன்றும் பல இடங்களில் ஒரு பொதுக் குழாய்க்கு முன்னால் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். இந்த வீட்டுக்கு வரும் ஊற்றிலிருந்துதான் சற்றுக் கீழே உள்ள லயனுக்கும் ஒரு குழாய் போகிறது. இவர்கள் டாங்கி ஓயாமல் இழுத்துக்கொண்டிருந்த ஆறு மாதமும் அங்கே குடம் நிரம்ப எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று அந்த மகள்தான் முதலில் கேட்டார். எனக்கு அது தோன்றவில்லை.

அவர் அந்தப் பொத்தான் தகட்டின் பின்பக்கத்தில் வளையம் மாற்றிய மாதத்தையும் ஆண்டையும், கம்பனிப் பெயரையும் மார்க்கர் பேனையால் எழுதி வைத்திருக்கிறார். உதிரியாக இன்னொரு வளையமும் வாங்கி அலுமாரியில் வைத்திருக்கிறாராம். மாமியைப் பற்றியும் விசாரித்தேன். இரவில் சத்தமே இல்லாதபடியால் டாங்கிக்குத் தண்ணீர் வருகிறதா இல்லையா என்று இப்போது தூக்கம் வராமல், பேரனை எழுப்பிக் கூரைக்கு அனுப்புகிறாராம்.

வஸ்ஸலாம்.